பிட்ஸ்பர்க் கோர்ட்டுக்கு ஏன் பேஸ்மென்ட் வழியா நுழையறாங்க?

பழைய கட்டடங்களைப் பார்த்து ரிப்பேர் ரிப்போர்ட் எழுதிக் குடுக்கறது என் பொழப்பு. ஓனருங்க வழக்கமா கேக்கறது ஒண்ணுதான், "சார் சுவத்துல இந்த ஓட்டை எதுக்குன்னே தெரியல, பூசிடலாமா?" வேணாம்னா நம்ப மாட்டாங்க. அப்ப நான் எடுத்து விடறது அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல, பிட்ஸ்பர்க் ஊருல இருக்கற அலெகெனி கவுண்டி (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) கோர்ட் கதைய.

1788ல உருவான கவுண்டி அது. முதல் கோர்ட் பிட்ஸ்பர்க் மார்க்கெட் ஸ்கொயர்ல. அப்புறம் கிராண்ட்ஸ் ஹில்ங்கற மேட்டு மேல ரெண்டாவது கட்டினாங்க, ஜான் சிஸ்லெட் டிசைன், கிரேக்க ஸ்டைல் தூணு, மேல டோம், 1841 வாக்குல முடிஞ்சுது. பார்க்க அம்சமாத்தான் இருந்துருக்கும், ஆனா கல்லு மணற்கல், ஊரோ நிலக்கரி புகை ஊரு. புகையில இருக்கற கந்தகம் ஈரத்தோட சேர்ந்தா ஆசிட் தானே, கல்லை அரிச்சு முகப்புல இருந்து துண்டு துண்டா பேந்து விழுந்துச்சு, அப்பவும் கேஸ் பாட்டுக்கு நடந்துச்சு! 1882 மே மாசம் தீப்பிடிச்சு மொத்தமா போச்சு.

மூணாவது கோர்ட்டைத்தான் உலகமே பேசுது. எச். எச். ரிச்சர்ட்சன் போட்டியில ஜெயிச்சு டிசைன் பண்ணது, 1884ல ஆரம்பிச்சு 1888ல முடிஞ்சுது. அவரு 1886லயே 47 வயசுல இறந்துட்டாரு, ஷெப்லி, ருட்டன், கூலிட்ஜ்னு அவர் ஆபீஸ் ஆளுங்க மீதிய முடிச்சாங்க. இந்த தடவை கல்லு கிரானைட், அதுவும் வழவழன்னு இழைக்காம முரட்டுத்தனமா விட்டது. நடுவுல பெரிய முற்றம், அதனால உள்பக்க ரூமுக்கும் வெளிச்சம் கிடைக்குது. முன்னாடி நிக்கற உசரமான டவர் அழகுக்குன்னு நினைப்போம், ஆனா புகைக்கு மேல இருந்த சுத்தமான காத்தை உள்ள இழுக்கறதுக்குன்னு கட்டின குழாயே அதுதான், உள்ள சுத்தின காத்து பின்பக்க ரெண்டு டவர் வழியா வெளிய போச்சு. அந்த "ஓட்டை"ய யாராச்சும் பூசியிருந்தா என்ன ஆயிருக்கும் சொல்லுங்க. அதனாலதான் சொல்றேன், எதுக்குன்னு தெரியுற வரைக்கும் எதையும் அடைக்காதீங்க.

இப்ப தலைப்பு விஷயம். கோர்ட் முன்னாடி கிராண்ட் ஸ்ட்ரீட் மேடா இருந்துச்சு, வண்டி ஏற கஷ்டம், அதனால 1912-13 வாக்குல மேட்டை வெட்டி ரோட்டை இறக்கிட்டாங்க. சென்னையில ரோடு போடப் போட ஏறி வீடு பள்ளத்துக்குப் போகும்ல, அங்க அப்படியே உல்டா, ரிச்சர்ட்சனோட கம்பீரமான வளைவு வாசல் ஒரு மாடி உசரத்துல அந்தரத்துல நின்னுச்சு. எதிர்ல இருக்கற ஃப்ரிக் பில்டிங்குக்கும் இதே கதி, அதோட பேஸ்மென்ட்டே தரைத்தளமாச்சு. ஆனா ரிச்சர்ட்சன் இதை முன்கூட்டியே யோசிச்சு மண்ணுக்குள்ளயும் ஃபினிஷ் பண்ண கல்லு வரிசைய இறக்கி வச்சிருந்தாரு, அதனால ரோடு இறங்கினப்ப அசிங்கமான அஸ்திவாரம் வெளிய தெரியல. இதுக்குப் பேருதான் டிசைன்! வாசலுக்கு ஏற பெரிய படிக்கட்டு வச்சாங்க, அப்புறம் ரோட்டை அகலப்படுத்தறோம்னு அதையும் எடுத்துட்டு வாசலை கீழ வரைக்கும் நீட்டிட்டாங்க. அதான் இன்னிக்கு ஜனங்க நுழையறது பழைய பேஸ்மென்ட்டோட தாழ்வான காரிடார்ல. "என்னடா இவ்ளோ பெரிய கோர்ட்டுக்கு இப்படி ஒரு வாசலா"ன்னு ரிச்சர்ட்சனைத் திட்டறது நியாயமில்ல. போறவங்க அதோட திரும்பிடாம மாடி ஏறி அந்த வளைவு வளைவான கல் படிக்கட்டைப் பாருங்க.

உங்க தெருவுல ரோடு லெவல் மாத்தப் போறாங்கன்னு தெரிஞ்சா, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வாசப்படிக்கும் ரோட்டுக்கும் எவ்ளோ உசரம்னு டேப் வச்சு அளந்து, டேப் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வைங்க. அப்புறம் தண்ணி உள்ள வந்துச்சுன்னு மனு குடுக்கறப்ப அதுதான் ஆதாரம்.

கோர்ட் பின்னாடி ரிச்சர்ட்சனே கட்டின ஜெயிலும் இருக்கு, ரெண்டையும் இணைக்க தெருவுக்கு மேல வெனிஸ்ல இருக்கற மாதிரி ஒரு கல் பாலம். 1995ல ஜெயிலை மூடினதும் இடிக்கல. வெளிச்சுவரை அப்படியே விட்டு உள்ள மட்டும் மாத்தி, குடும்ப கேஸ் பாக்கற கோர்ட்டா 2000ல திறந்தாங்க, பழைய செல்லு வரிசையில கொஞ்சத்தையும் பார்வைக்கு வச்சிருக்காங்க. என்கிட்ட வர்ற ஓனருங்கள்ல பாதிப் பேரு கேக்கற "இடிச்சா எவ்ளோ ஆகும்"ங்கற கேள்விக்கு, நான் முதல்ல காட்டறது இந்த ஜெயில் போட்டோவைத்தான்.