ஊதா எது, இரத்தாம்பரம் எது?

எங்கள் ஊரில் வயதானவர்கள் நீல மையை ‘ஊதா மை’ என்பார்கள். கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் நீல மைப்புட்டியை எடுத்துக் கொடுப்பார். அதே ஊரில் கத்தரிப்பூவும் ஊதா, நாவற்பழம் தின்ற நாக்கும் ஊதா. நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில் இருக்கிற எதையும் இந்தச் சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம். அவ்வளவு தாராளம் அதற்கு எப்படி வந்தது?

முதலில் பிறப்பு. ஊதுகிற ‘ஊது’வுக்கும் இதற்கும் உறவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ஊதாவை உருதுச் சொல் என்றே குறிக்கிறது. அங்கிருந்து சிலர் இன்னும் பின்னால் போய், அகில்கட்டையைக் குறிக்கும் ‘ஊத்’ என்ற அரபுச் சொல்லோடு இணைப்பார்கள். அந்த ‘ஊத்’தை நாம் தினமும் கொளுத்துகிறோம். ஊதுவத்தி என்பது உருதின் ‘ஊத்பத்தி’தான். வாயால் ஊதி அணைப்பதால் வந்த பெயர் என்று பள்ளியில் யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் மறந்துவிடலாம்.

அப்படியானால் பழந்தமிழர் கண்ணில் இந்த நிறம் படவே இல்லையா? பட்டது. ஆனால் அதைக் கருமையின் கணக்கில் எழுதிவிட்டார்கள். நற்றிணையின் 35ஆம் பாட்டில், கடற்கரை மணலில் உதிர்ந்து கிடக்கும் நாவற்பழத்தைத் தன் இனம் என்று நினைத்துத் தும்பிகள் மொய்க்கின்றன; தும்பியைப் பழம் என்று நினைத்து நண்டு பிடிக்கிறது. பழத்துக்குப் புலவர் தரும் அடை ‘இருங்கனி’, அதாவது கரிய கனி. முல்லைப்பாட்டிலோ காயா அஞ்சனம்போல் மலர்கிறது. காயாம்பூவை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், இன்றைய கணக்கில் அது அசல் ஊதா. பழைய கணக்கில் கண்மை. தனிச்சொல் இல்லாததைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். எந்த மொழியும் நிறங்களை ஒரே இடத்தில் கோடு போட்டுப் பிரிப்பதில்லை.

சிக்கல் தொடங்குவது, ‘பர்ப்பிள்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஊதாவை நேராக வைக்கும்போது. அந்தச் சொல்லின் அடியில் கிடப்பது பூவோ பழமோ அல்ல, கடல்நத்தை. கிரேக்கத்தில் ‘போர்ஃபுரா’, லத்தீனில் ‘புர்புரா’. இரண்டும் அந்த நத்தையையும் அதிலிருந்து எடுத்த சாயத்தையும் குறித்தவை. இன்றைய லெபனானில் இருக்கும் தீரு நகரம் அந்தச் சாயத்துக்குப் பேர்போனது. 1909இல் பால் ஃப்ரீட்லாண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து எடுத்த சாயம் வெறும் 1.4 கிராம். அதன் மூலக்கூற்றைப் பிரித்துப் பார்த்தால், நம் அவுரிச்செடி தரும் நீலத்தோடு இரண்டு புரோமின் அணுக்கள் சேர்ந்ததுதான்! கி.பி. 301இல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணையில், இந்தச் சாயம் தோய்த்த ஒரு இராத்தல் பட்டின் உச்சவிலை 1,50,000 தெனாரி நாணயங்கள். பொன் இராத்தல் 72,000தான்.

இந்த நிறத்துக்கு மேற்கில் அரசகளை வந்தது இந்த விலையால்தான். நிறத்துக்குள் ஏதோ மகத்துவம் ஒளிந்திருக்கிறது என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. 1856இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியாவுக்கான குவினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்து, தற்செயலாக ஊதாச் சாயத்தைச் செய்துவிட்டான். மூலப்பொருள் நிலக்கரித் தாரிலிருந்து கிடைப்பது. சில ஆண்டுகளில் கடைத்தெருப் பெண்கள் எல்லாரும் அரசிகளின் நிறத்தை உடுத்தினார்கள்.

சீனத்தில் கதை தலைகீழ். செம்மையின் இடத்தை ஊதா பறித்துக்கொள்வது தனக்குப் பிடிக்கவில்லை என்கிறார் கன்பூசியஸ். செம்மை நெறியான நிறம். இது கலப்பு, இடையில் புகுந்தது. பிற்காலத்தில் அதே நிறம் பேரரசரின் வாசலுக்கே வந்துவிட்டது. பெய்ஜிங்கின் ‘தடைசெய்யப்பட்ட நகர’த்தின் சீனப்பெயரில் ஊதாவும் உண்டு. துருவ விண்மீனைச் சூழ்ந்த வானப்பகுதிக்குச் சீனர் இட்ட பெயரில் அந்த நிறம் இருப்பதால், மண்ணின் துருவமான பேரரசரின் இருப்பிடத்துக்கும் அது வந்தது. அரண்மனைச் சுவர்கள் என்னவோ சிவப்புதான்.

தாய்லாந்தில் சனிக்கிழமைக்கு ஊதா. 1955இல் ஒரு சனிக்கிழமை பிறந்த இளவரசி சிரிந்தோனின் கொடியும் அந்த நிறமே. கணவனை இழந்தவர்களின் துக்க நிறமும் அங்கே அதுதான். கத்தோலிக்கருக்குத் தவக்காலத்திலும் திருவருகைக்காலத்திலும் குருவின் மேலாடை ஊதா. அங்கே அரசகளை அல்ல, மனவருத்தம்.

தமிழ் விவிலியத்தில் ஒரு வேடிக்கை. லூக்கா 16இல் வரும் ஐசுவரியவான் ‘இரத்தாம்பரமும் விலையேறப்பெற்ற வஸ்திரமும்’ தரித்திருக்கிறான். அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் லீதியாள் என்ற பெண் இரத்தாம்பரம் விற்கிறாள். மூலத்தில் இரண்டும் அந்த நத்தைச் சாயத்துணியே. இரத்தாம்பரம் என்றால் செந்துணி. மொழிபெயர்ப்பாளர்கள் நிறத்தைத் தவறவிட்டுவிட்டார்கள் என்றுதான் நானும் பல காலம் நினைத்தேன். பிறகுதான் முதல் நூற்றாண்டு ரோமரான பிளினியின் குறிப்பைப் படித்தேன். உயர்ந்த சாயம் உறைந்த இரத்தத்தின் நிறமாக இருக்கும், நேராகப் பார்த்தால் கறுத்து, சாய்த்துப் பார்த்தால் மின்னும் என்கிறார். ஊதாவைவிட இரத்தாம்பரமே அதற்கு நெருக்கம்.

இனித் தமிழ்ச்சொல். தூய தமிழ் வேண்டுவோருக்குச் செந்நீலம் இருக்கிறது; செம்மை கலந்த நீலம், பொருள் தெளிவு. வானவில்லின் ஓரத்து நிறத்துக்கு ஊதாவே நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் புற ஊதாக் கதிர், இலங்கையில் கழியூதாக் கதிர் என்று பாடநூல் வரை வேர்விட்ட சொல்லைப் பிடுங்குவது வீண்வேலை. பட்டுக்கடைக்குப் போனால் இந்தச் சண்டையே இல்லை. கத்தரிப்பூ கலர், வாடாமல்லி கலர், நாவற்பழக் கலர் என்று மூன்று சாயலையும் விற்பனையாளர் மூன்று பெயரில் பிரித்துப் போடுவார். கதை எழுதுகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தில், பேரரசர் ஆட்சியில் இருக்கும்போது பிறந்த பிள்ளைகளுக்குப் ‘போர்ஃபுரோகெனிட்டோஸ்’ என்று பட்டம், அந்த நிறத்தில் பிறந்தவன் என்று பொருள். இதை ‘ஊதாவில் பிறந்தவன்’ என்று மொழிபெயர்த்தால் வாசகர் விழிப்பார். ‘இரத்தாம்பரத்தில் பிறந்தவன்’ என்றால் போர்க்களத்துப் பிரசவம் என்று நினைப்பார். ‘அரியணைக்கே பிறந்தவன்’ என்று எழுதிவிட்டு, நத்தையை அடிக்குறிப்பில் விட்டுவிடலாம்.