ரீஇஷ்யூ: மறுவெளியீடா, மறு அச்சா?

சோல், ஃபங்க் என்ற அமெரிக்கக் கறுப்பின இசை வகைகளின் பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்குகிறவர்களிடம் அன்றாடம் புழங்கும் சொல் ‘ரீஇஷ்யூ’. கடைகளில் கிடைக்காமல் போன ஓர் ஆல்பத்தை, உரிமை பெற்று, பெரும்பாலும் ஒலிப்பள்ளத்தைப் புதிதாக வெட்டி, புதிய வரிசை எண்ணோடு மறுபடி விற்பனைக்குக் கொண்டுவருவது என்று பொருள். தமிழில் மறுவெளியீடு. இலங்கை வழக்கில் ‘மீள்’ என்ற முன்னொட்டு அதிகம் என்பதால் மீள்வெளியீடு என்றாலும் சரியே.

‘இஷ்யூ’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அடியில் இருப்பது ‘எக்ஸீரே’ என்ற லத்தீன் வினை: வெளியே போதல். நம் ‘வெளியீடு’ வேறு மாதிரி. வெளியிடு என்பதில் உள்ள ‘இடு’, ‘ஈடு’ என்று நீண்டு பெயரானது. தட்டு தானாக வெளியே போவதில்லை, யாரோ ஒருவர் இடுகிறார். யார் இட்டது, எதிலிருந்து எடுத்து இட்டது என்பதுதான் இந்தத் துறையில் முதல் கேள்வி என்பதால், தமிழ்ச் சொல் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

பக்கத்துச் சொற்களோடு குழப்பிக்கொள்வதுதான் சிக்கல். பழைய அச்சுத் தகடுகளையே வைத்து இன்னும் சில நூறு பிரதி போட்டால் அது ‘ரீபிரஸ்’. மறு அச்சு என்றால் போதும், புத்தகக்காரர்கள் பழக்கிவைத்த சொல். பாடகர் திரும்பப் பாடிப் பதிவு செய்தால் மறுபதிவு. செய்திகளில் ரீஇஷ்யூவை ‘மறுபதிவு’ என்று எழுதுவது தவறு. ‘ரீரெக்கார்டிங்’ என்று எழுதினால் கேட்கவே வேண்டாம், தமிழ் சினிமாவில் அதற்குப் பின்னணி இசை என்று அர்த்தம். பல தட்டுகளிலிருந்து பாட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தால் தொகுப்பு. சிகாகோவின் நூமரோ குரூப் நிறுவனம் 2004இல் கொண்டுவந்த முதல் தட்டு, ஒஹாயோவின் கேப்சோல் நிறுவனப் பாடல்களின் தொகுப்பு. அதை மறுவெளியீடு என்பது பொருந்தாது. அனுமதி இல்லாமல் அடித்தால் கள்ளப்பதிப்பு. பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் செப்பனிடும் ‘ரீமாஸ்டர்’ மட்டும் அப்படியே இருக்கட்டும். ‘ஒலி மறுசீரமைப்பு’ என்றால் எதையோ ஒட்டுப்போட்டது போலத் தொனிக்கிறது.

சரியான மறுவெளியீட்டுக்கு ஓர் உதாரணம்: ஃபங்க் பாடகி பெட்டி டேவிஸின் முதல் ஆல்பம். 1973இல் ஜஸ்ட் சன்ஷைன் நிறுவனம் வெளியிட்டது. தயாரிப்பும் டிரம்ஸும் கிரெக் எரிகோ, பேஸ் கிட்டார் லாரி கிரஹாம். அன்று பெரிதாக விற்கவில்லை. 2007இல் சியாட்டலின் லைட் இன் தி ஆட்டிக் நிறுவனம் திரும்பக் கொண்டுவந்த பிறகுதான் ஒரு புதிய தலைமுறை அதைக் கேட்டது. ஷகி ஓட்டிஸின் 1974ஆம் ஆண்டு ஆல்பம் இன்னொரு வகை. 2001இல் லுவாகா பாப் நிறுவனம் அதை வெளியிட்டபோது, 1971இல் வந்த அவருடைய முந்தைய ஆல்பத்திலிருந்து நான்கு பாடல்களைச் சேர்த்தது. மறுவெளியீடு மூலத்தின் நகலாகவே இருந்தாக வேண்டியதில்லை.

மறுவெளியீட்டு வேலை, மூல ஒலிப்பதிவு நாடாவிலிருந்து தொடங்குகிறது. 1970களின் ஆம்பெக்ஸ் 456 போன்ற நாடாக்களில் காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் கிறீச்சிடும். பழுப்புத் துகள், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும், அதோடு ஒலியும் போய்விடும். அதனால் முதலில் சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ சூடாக்குகிறார்கள். வெப்பம் ஏறி இறங்கும் சமையல் அடுப்பு இதற்கு ஆகாது. பலன் சில வாரங்களே நிற்கும், அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். அதற்கும் முந்தைய அசிடேட் நாடாவைச் சூடாக்கவே கூடாது, சுருங்கிக் கெட்டுவிடும்.

நாடாவே தொலைந்திருந்தால் நல்ல நிலையிலுள்ள பழைய தட்டிலிருந்து எடுப்பார்கள். இரைச்சலை அளவுக்கு மீறி நீக்கினால் டிரம்ஸிலுள்ள ஜோடித் தாளத்தட்டான ஹை-ஹாட்டின் கூர்மையும் கூடவே மழுங்கும். ஃபங்குக்கு அது உயிர்.

அடுத்தது வெட்டு. லாக்கர் பூசிய அலுமினியத் தட்டில் ஒலிப்பள்ளம் வெட்டி, வெள்ளி தெளித்து, நிக்கல் பூசி, அதிலிருந்து தந்தை, தாய், அச்சுத் தகடு என்று உலோகத் தகடுகளை வரிசையாக எடுப்பார்கள். ஒரு அச்சுத் தகடு ஏறக்குறைய ஆயிரம் பிரதிகள் தாங்கும். பேஸும் கிக் டிரம்மும் பள்ளத்தில் அதிக இடம் பிடிப்பவை. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு பக்கம் 22 நிமிடத்தைத் தாண்டினால் ஒலியளவைக் குறைத்தே வெட்ட முடியும். இடம், வலம் எனப் பிரிந்து கிடக்கும் தாழ்ந்த அதிர்வுகளை நடுவுக்குக் கொண்டுவராவிட்டால் ஊசி துள்ளும்.

சோதனைப் பிரதிகள் வந்ததும் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லக் கூடாது. ஒரே ‘டிக்’ எல்லாப் பிரதியிலும் அதே இடத்தில் கேட்டால் கோளாறு வெட்டிலோ தகட்டிலோ இருக்கிறது. ஒன்றில் மட்டும் கேட்டால் அந்தப் பிரதியோடு போகட்டும். சுருதி ஆடினால் நடுத்துளை விலகியிருக்கும்.

உரிமை இரண்டு. ஒலிப்பதிவின் உரிமைக்கு நிலையான விலை கிடையாது, பேரம்தான். பாடலை இயற்றியவரின் உரிமைக்கு அமெரிக்காவில் சட்டம் விலை வைத்திருக்கிறது: 2023இல் பிரதி ஒன்றுக்குப் பாட்டுக்கு 12 சென்ட், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் நிமிடத்துக்கு 2.31 சென்ட். பத்துப் பாட்டு, 500 பிரதி என்றால் 600 டாலர். ஏழு நிமிட ஃபங்க் பாட்டு ஒன்று இருந்தால் அதற்கு மட்டும் 16.17 சென்ட்.

உறையில் ‘180 கிராம்’ என்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது எடை, ஒலித்தரமல்ல. 140 கிராமிலும் அருமையான தட்டு உண்டு. எந்த நாடாவிலிருந்து, யார் வெட்டியது என்று அச்சிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒலிப்பள்ளம் முடிந்து லேபிள் தொடங்கும் வெற்று வளையத்தில் வெட்டியவரின் குறியும் எண்ணும் பெரும்பாலும் கீறப்பட்டிருக்கும். பழைய தட்டின் எண்ணே அங்கும் இருந்தால் மறு அச்சாக இருக்கலாம். வேறு எண் என்றால் பெரும்பாலும் புது வெட்டு.

தமிழில் குறிப்பிடும்போது இரண்டு ஆண்டையும் இரண்டு நிறுவனத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்: ‘பெட்டி டேவிஸ், ஜஸ்ட் சன்ஷைன், 1973, மறுவெளியீடு: லைட் இன் தி ஆட்டிக், 2007’. மறுவெளியீடு என்பதை இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகவும், மறு அச்சு என்பதை வழக்கப்படி பிரித்தும் எழுதலாம்.