ரெஜிபோம் பூச்சுச் சுவர்: தண்ணீர் புகும் இடமும் செப்பனிடும் முறையும்

வெளிச்சுவரை விரல் மடித்துத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று கல் ஒலி வந்தால் சீமெந்துப் பூச்சு. பொத்தென்று ஒலித்தால் உள்ளே ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப்பலகை இருக்கிறது. திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளி போன்ற கடலோரங்களில் இந்தச் சுவருக்குத் தனிப் பராமரிப்பு வேண்டும். சாதாரணச் சுவருக்குச் செய்யும் வைத்தியம் பல வேளைகளில் இதைக் கெடுத்துவிடும்.

அடுக்குகள் இவை: கல் சுவர், பசை, ரெஜிபோம் பலகை, ஏறத்தாழ 2 மி.மீ. அடிப்பூச்சு, அதற்குள் புதைந்த கண்ணாடி நார் வலை, கடைசியாக மணல் கலந்த அக்ரிலிக் மேற்பூச்சு. வெயிலில் விரிந்த பூச்சு குளிர்ந்து சுருங்கும்போது வரும் இழுவிசையைத் தாங்குவது அந்த வலைதான். சீமெந்தின் காரம் கண்ணாடியை அரிக்கும். ஆகவே காரம் தாங்கும் மேற்பூச்சுள்ள வலையையே வாங்க வேண்டும். கொசு வலை உதவாது.

1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள வில்மிங்டன் நகரில் இவ்வகைப் பூச்சுள்ள வீடுகள் பலவற்றின் மரச்சட்டங்கள் உக்கிப்போயின. ஆராய்ந்தபோது பூச்சு பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. யன்னல் ஓரங்களிலும் கூரை சுவரோடு சேரும் இடங்களிலும் புகுந்த நீருக்கு வெளியேற வழியில்லாமல் போனதே காரணம். நம்முடைய கல் சுவர் உக்காது. ஆனால் உள்பக்கப் பெயின்ற் கொப்பளிக்கும், இரும்பு துருவேறும், ரெஜிபோமுக்குள் கறையான் வழி போடும். பூச்சின் கீழ் விளிம்பு நிலத்திலிருந்து 200 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும் என்பது கறையானுக்காகவும்தான். பூமரம் நட மண்ணைக் குவித்து அந்த இடைவெளியை மூடிவிடுவது நம்மவர் வழக்கம்.

வாடை மழை பிடிக்குமுன், ஆவணி புரட்டாசியில் சுவரைச் சுற்றிப் பாருங்கள். யன்னலின் நான்கு மூலைகள், குழாய் வெளிவரும் துளை, ஏசி தாங்கியின் போல்ட், கூரை ஓரம். யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு இருந்தால், அந்த மூலையில் குறுக்கு வலைத்துண்டு வைக்கவில்லை, அல்லது பலகை மூட்டு யன்னல் விளிம்புக்கு நேரே வந்திருக்கிறது. பட்டி போட்டு மூடினால் அடுத்த வெயிலுக்குத் திரும்ப வெடிக்கும். வலையோடுதான் திருத்த வேண்டும்.

அடிபட்டு ஓட்டை விழுந்த இடத்தைச் சதுரமாகச் சுவர் வரை வெட்டி எடுங்கள். உள்ளே ஈரமிருந்தால் முழுதாக உலர விடுங்கள். ஓட்டையைச் சுற்றி 65 மி.மீ. அகலத்துக்கு மேற்பூச்சை மட்டும் தேய்த்து எடுக்க வேண்டும். கீழுள்ள வலை அறுபடக் கூடாது. இந்த இடத்தில் பொறுமை வேண்டும், கிரைண்டரை அழுத்திவிட்டால் வேலை இரட்டிப்பாகும். அதே தடிப்பில் ரெஜிபோம் துண்டு வெட்டி, பின்பக்கத்துக்கு மட்டும் பசை பூசி இறுக்கமாகச் செருகுங்கள். ஓரங்களில் பசை போனால் அந்தக் கோட்டில் வெடிக்கும். இடைவெளி தெரிந்தால் ரெஜிபோம் சீவலால் அடையுங்கள். மட்டமாக உரசிய பின், அடிப்பூச்சு பூசி, பழைய அடிப்பூச்சின் மேல் 65 மி.மீ. ஏறுமாறு வலையைப் பதியுங்கள். வலையின் நிறம் வெளியே தெரியக் கூடாது. 24 மணிநேரம் கழித்து மேற்பூச்சு.

கலவைக்குக் குடிநீரைப் பாவியுங்கள். கடலோரக் கிணற்றின் உவர்நீர் பின்னர் வெள்ளையாகப் பூத்து வரும். கச்சான் காற்றில் பூச்சு கையிலேயே காய்ந்துவிடும் என்பதால் கிழக்குச் சுவரைப் பின்னேரமும் மேற்குச் சுவரைக் காலையும் செய்வது நல்லது. ஒட்டுப்போட்ட இடம் நிறம் மாறித் தெரியத்தான் செய்யும். மூலையிலிருந்து மூலை வரை அக்ரிலிக் பெயின்ற் அடித்தால் மறையும். எண்ணெய்ப் பெயின்ற் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். கடும் கறுப்பு, கடும் நீலம் போன்ற நிறங்கள் வெயிலை உறிஞ்சி ரெஜிபோமை இளக்கக்கூடும்.

தின்னர், பெற்றோல், கரைப்பான் கலந்த தார் எதுவும் கிட்ட வரக் கூடாது. ரெஜிபோம் கண்முன்னே கரைந்து குழியாகும்.

யன்னல் ஓர சிலிக்கன் பிரிந்திருந்தால் பழையதன் மேல் பூசாமல் முழுதாகச் சுரண்டி எடுங்கள். நெடுநேரம் நனைந்தால் மேற்பூச்சு மெதுமையாகும். அதில் ஒட்டிய சிலிக்கன் அதையும் பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே சிலிக்கன் அடிப்பூச்சில்தான் ஒட்ட வேண்டும். இடைவெளிக்குள் பொலித்தீன் நுரைக்கயிறு செருகி, அகலத்தில் பாதியளவு ஆழத்துக்கு நிரப்பினால் அது இரு பக்கம் மட்டும் பற்றி இழுபட்டுச் சுருங்கும்.

உப்புப் படிவைக் குளிர்ந்த நீரும் மென்தூரிகையும் கழுவும். அமுக்கப் பம்பியால் கழுவுவதென்றால் அமுக்கம் 600 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இருக்க வேண்டும்.

புதிதாக ஏசி பூட்டும்போது 316 தரத் துருப்பிடிக்காத போல்ட்டைப் பாவித்து, ரெஜிபோமின் தடிப்புக்குச் சமமான குழாய்த்துண்டு ஒன்றை அதில் கோர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் இறுக்கும்போது பூச்சு உள்வாங்கி வெடிக்கும். துளையின் வாயைச் சிலிக்கனால் அடைத்த பிறகே தாங்கியை வைக்க வேண்டும்; வைத்த பின் ஓரத்தில் பூசுவது மேல் பக்கத் தண்ணீரை நிறுத்தாது.