கைவிட்ட தங்கச் சுரங்கம்: சயனைடைவிட அஞ்ச வேண்டியவை

வேலூர் மாவட்டத்தில் நிலத்தடி நீர் ஆய்வு செய்பவன் நான். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் கோலார் தங்கவயலைப் பற்றிக் கேட்டுவிடுவார். அப்பாவோ தாத்தாவோ அங்கே வேலை பார்த்திருப்பார். கேள்வி பெரும்பாலும் சயனைடைப் பற்றியதாகவே இருக்கும். என்னைக் கவலைப்பட வைப்பவை வேறு மூன்று: கல்தூசு, ஆர்செனிக் என்ற நஞ்சு, சுரங்கத்துக்குள் கெட்டுப்போன காற்று. இவற்றை யாரும் கேட்பதில்லை.

தங்கவயல் ஒரே ஓர் ஊரோடு முடிவதில்லை. தங்கம் பொதிந்த பாறைத் தொடரான கோலார் கற்பட்டை வடக்கு தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீள்கிறது. அகலம் சில கிலோமீட்டர்தான். தெற்கே குறுகிக்கொண்டே ஆந்திராவின் குப்பம் பகுதிக்குள் இறங்குகிறது. பிசாநத்தம், சிகரகுண்டா, மல்லப்பகொண்டா ஆகிய தங்க இடங்கள் அங்கேதான் உள்ளன. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு செல்லும் ரயில் பாதையில் பிசாநத்தம் ஒரு சிறு நிலையம். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை குப்பம் பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. ஆகவே இது நம் பழைய மாவட்டத்தின் சுரங்கக் கதையும்கூட.

சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறைகள் இந்தப் பட்டையில் உள்ளன. பிறகு பூமியின் அழுத்தத்தில் அவை மடிந்து, நசுங்கி, உருமாறின. ஆழத்திலிருந்து ஏறிவந்த வெந்நீர்க் கரைசல்கள் பிளவுகளில் வெண்கல்லைப் படியவைத்தன. அதோடு தங்கமும் படிந்தது. தங்கம் மட்டும் தனியாக வரவில்லை. கந்தகம் சேர்ந்த இரும்புத் தாதுக்களும், சில இடங்களில் ஆர்செனிக் கலந்த தாதுவும் கூடவே வந்தன. மல்லப்பகொண்டாவில் தங்கம் இருப்பது இரும்புப் பட்டைப் பாறையில். ஒரே பட்டைக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

1802-ல் ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி தங்கவயலின் மாரிக்குப்பம் பக்கம் வந்தபோதே ஊர்மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1880-ல் ஜான் டெய்லர் என்ற சுரங்க நிறுவனம் நுழைந்தது. 1902-ல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நிலமற்ற குடும்பங்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர், அந்த வேலைக்குப் போனார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. தெற்கே இருந்த சிறு சுரங்கங்களும் அத்தோடு ஓய்ந்தன. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூடல் திட்டம் வேண்டும் என்ற விதி வந்தது 2003-ல். இரண்டே ஆண்டு பிந்திய அந்த விதிக்கு மக்கள் கொடுக்கும் விலை பெரிது.

இப்போது சயனைடுக்கு வருகிறேன். கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்துப் பிரிப்பார்கள். கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லில் கிடைத்தது சில கிராம் தங்கம்தான். மீதி முழுவதும் கழிவு மேடானது. வெயிலும் காற்றும் பட்டால் சயனைடின் பெரும்பகுதி சிதைந்துவிடும். இரும்போடு பிணைந்த பகுதி நெடுநாள் தங்கும் என்பதால் அந்த மண்ணை அள்ளி வீடு கட்டவோ தோட்டத்தில் போடவோ கூடாது. ஆனால் அந்த மேட்டின் பெரும்பகுதி மாவாக அரைபட்ட கல். அதிலுள்ள சிலிகா என்ற கனிமம் சிதைவதே இல்லை. கோடைக் காற்றில் பறந்துவரும் அந்த நுண்தூசு நுரையீரலின் அடிவரை இறங்கும்.

ஆர்செனிக்கோ நீரில் கரைகிறது. தாதுவில் காற்றும் மழைநீரும் படும்போது அது மெல்ல வெளியேறும். நீர் தெளிவாக இருக்கும், சுவை மாறாது, கொதிக்கவைத்தாலும் போகாது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தரம். உப்பையும் கடினத்தன்மையையும் பார்க்கும் வழக்கமான சோதனை இதைக் காட்டாது. பழைய சுரங்கத்தின் அருகே கிணறு வைத்திருப்பவர்கள் ஆய்வகத்தில் ஆர்செனிக் என்று பெயர் சொல்லிக் கேட்டுச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது வீடியோ எடுக்க உள்ளே போகும் இளைஞர்கள். தம்பிகளே, தயவுசெய்து போகாதீர்கள். மூடிக்கிடக்கும் சுரங்கத்தில் கந்தகத் தாதுவும் மட்கும் மரத்தூண்களும் பிராணவாயுவைத் தின்றுவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் அது ஏறத்தாழ 21 சதவீதம். உலோகச் சுரங்கங்களில் 19 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்கிறது சட்ட விதி. குறைவதற்கு நாற்றமோ நிறமோ கிடையாது. தலை சுற்றுவது தெரியும்முன் கால் மடங்கிவிடும். மழைக்கு முன் வெளிக்காற்றின் அழுத்தம் இறங்கும்போது உள்ளிருக்கும் கெட்ட காற்று சுரங்கத்தின் வாய்வரை ஏறி வரும். நேற்று பாதுகாப்பாகத் தெரிந்த இடம் இன்று அப்படி இருக்காது. விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் அங்கேயே விழுவார். மேலே நின்றபடியே தீயணைப்புத் துறையை 112-ல் அழையுங்கள்.

கடைசியாக, ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பெரியவர்கள். கல்தூசால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் வேலையை விட்ட பிறகும் வளரும். காசநோய் வரும் வாய்ப்பையும் கூட்டும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் காசநோய் மாத்திரையை மட்டும் திரும்பத் திரும்பச் சாப்பிட்டவர்கள் உண்டு. மருத்துவரிடம் இருமலைச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். எந்தச் சுரங்கம், எத்தனை ஆண்டு, துளையிடும் வேலையா, கல் அரைக்கும் மில் வேலையா என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்ட விதிகள் சிலிகோசிஸைத் தொழில்நோயாக ஏற்கின்றன. பழைய வேலை அட்டை, சம்பளச் சீட்டு எதுவானாலும் பத்திரப்படுத்தி வையுங்கள்.