12 வோல்ட்தானேண்ணா?

போன வாரம் வேளச்சேரியிலிருந்து ஒரு காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். செல்ஃப் எடுக்கவில்லை என்று போனில் சொன்னபோது, மழைநாள்தானே, பாட்டரி இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். பானட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். பாட்டரிக்குப் பக்கத்தில் போகும் ஒயர் கட்டு, நாங்கள் ஹார்னஸ் என்போமே, அது ஒரு சாண் நீளத்துக்கு உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது.

"என்ன தம்பி செஞ்சீங்க?"

"கார் பாட்டரியில இன்வெர்ட்டர் மாட்டினேண்ணா. ராத்திரி ஃபுல்லா கரண்ட் இல்ல. 12 வோல்ட்தானேண்ணா? கையால தொட்டாக்கூட ஒண்ணும் ஆகாதே!"

அவர் சொன்ன இன்வெர்ட்டர், காரின் 12 வோல்ட்டை வீட்டுச் சாமான் ஓட 230 வோல்ட்டாக மாற்றும் பெட்டி. இந்த மழைக்காலத்தில் இதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு என் பட்டறைக்கு வந்த மூன்றாவது ஆள் அவர். இரண்டாமவர் ஓ.எம்.ஆர். பக்கம் ஆம்னி வேனில் டிபன் விற்பவர். ஆம்னியில் முன்சீட்டுக்கு அடியில் எஞ்சின், பின்னால் காஸ் சிலிண்டர், நடுவில் மிக்ஸிக்காக இழுத்த ஒயர் தகித்துக்கொண்டிருந்தது. கும்பிட்டு அனுப்பி வைத்தேன். 22 வருடமாக வண்டி எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். ஒருவர் ஒருவராகச் சொல்லிச் சொல்லி வாய் வலிப்பதால் இந்த முறை எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த 12 வோல்ட்.

தொட்டால் ஷாக் அடிக்காது, சரி. உலர்ந்த கையால் கார் பாட்டரியின் இரண்டு முனைகளையும் பிடித்தால் ஒன்றும் தெரியாது. நானே தினமும் பிடிக்கிறேன். ஆனால் ஷாக் அடிப்பது வேறு, தீப்பிடிப்பது வேறு. வோல்ட் என்பது கரண்டைத் தள்ளும் அழுத்தம், ஆம்ப் என்பது ஓடும் கரண்டின் அளவு. ஷாக்குக்கு வோல்ட் வேண்டும். ஒயர் சூடாவதற்கு ஆம்ப் போதும். வோல்ட் குறைந்தால் ஆபத்து குறைகிறது என்று நம் ஆட்கள் மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் வேலை அதேதான் என்றால், வோல்ட் குறையக் குறைய ஆம்ப் ஏறும்.

ஆயிரம் ரூபாயை ஒருவருக்குக் கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். இருநூறு ரூபாய்த் தாளாகக் கொடுத்தால் ஐந்து தாள், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். அதையே பத்து ரூபாய் நாணயமாகக் கொடுத்தால் நூறு நாணயம், பை கிழிந்துவிடும் (நம் ஊர்க் கடைக்காரர்கள் அதை வாங்கவும் மாட்டார்கள், அது தனிக் கதை). 1000 வாட் சாமானுக்கும் இதே கணக்குதான், வோல்ட்டை ஆம்பால் பெருக்கினால் வாட். வீட்டு 230 வோல்ட்டில் அது எடுப்பது 4 ஆம்புக்குக் கொஞ்சம் மேலே. 12 வோல்ட்டில் 83 ஆம்ப். இன்வெர்ட்டர் தன் பங்குக்குப் பத்துப் பதினைந்து சதவீதம் சூடாக வீணாக்கும், அதையும் சேர்த்தால் 95 ஆம்ப் பக்கம் வந்து நிற்கும். வீட்டு மெயினில் 32 ஆம்ப் பிரேக்கர் போட்டிருப்பவர், அதைப் போல மூன்று மடங்கை பாட்டரி முனையைக் கவ்வும் முதலை கிளிப்பில் மாட்டிவிட்டு 12 வோல்ட்தானே என்கிறார்!

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? தெருமுனை வெல்டிங் பட்டறையைப் போய்ப் பாருங்கள். இரும்பு உருகிச் சொட்டுகிறதே, அந்த ராடு முனையில் எரியும்போது இருப்பது 20, 30 வோல்ட்தான். அல்லது உங்கள் கார் பானட்டையே திறந்து பாருங்கள். பாட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் கேபிள் சுண்டுவிரல் தடிமன் இருக்கும். ஓரிரண்டு வினாடி ஓடும் மோட்டாருக்கே அவ்வளவு செம்பு போட்டிருக்கிறது கம்பெனி. நீங்கள் ராத்திரி முழுக்க ஓட்டப்போகிறவர்.

வேளச்சேரித் தம்பி போட்டிருந்தது வீட்டு ஒயரிங்குக்கு வாங்கி மீந்த 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) ஒயர். இன்வெர்ட்டர் மழையில் நனையக் கூடாது என்று வராண்டாவில் வைத்துவிட்டு, பாட்டரியிலிருந்து அங்கே வரை மூன்று மீட்டர் ஒயர் இழுத்திருக்கிறார். இரண்டு ஃபேன், டிவி, அப்புறம் காலையில் அம்மா சட்னிக்கு மிக்ஸி போட்டிருக்கிறார். மிக்ஸி ஓடும்போது 50 ஆம்ப் என்று வைத்துக்கொள்வோம். போக மூன்று, வர மூன்று, ஆறு மீட்டர் ஒயரிலேயே 2 வோல்ட் வீணாகிவிடும். ஐம்பதை இரண்டால் பெருக்குங்கள், 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று ஒயருக்குள்ளேயே எரிகிற மாதிரி. அந்த ஒயரை ஹார்னஸ் மேல் படுக்கவைத்து பானட்டை அழுத்தி மூடியிருந்தார். வழியில் ஃப்யூஸ் ஒன்றும் கிடையாது.

இதைத் தவிர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இன்வெர்ட்டரைப் பாட்டரிக்குப் பக்கத்தில் வையுங்கள், ஒரு மீட்டருக்குள். தடித்த கேபிள் போடுங்கள். 1000 வாட்டுக்கு 25 ஸ்கொயருக்குக் குறைந்து நான் போடுவதில்லை. தூரம் போக வேண்டிய ஒயர், மறுபக்கத்து 230 வோல்ட் ஒயர்தான். அங்கே ஆம்ப் குறைவு, சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதும். ஃப்யூஸ் கட்டாயம் வேண்டும், பாட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். இன்வெர்ட்டரிலேயே ஃப்யூஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது இன்வெர்ட்டரைக் காப்பாற்றும். ஒயர் நடுவழியில் தோல் உரிந்து பாடியில் பட்டால், கரண்ட் இன்வெர்ட்டர் வரைக்கும் போகவே போகாது. பாட்டரி முனையில் ஃப்யூஸ் இருந்தால் மட்டுமே அது நிற்கும். கிளிப் எல்லாம் ஐந்து நிமிட அவசரத்துக்கு, ராத்திரி முழுக்க ஓட வேண்டுமானால் போல்ட் போட்டு முடுக்குங்கள்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்காரர்களுக்குத் தனியாக. சாக்கெட் மூடியிலேயே 120 வாட் என்று பல வண்டிகளில் அச்சடித்திருக்கும், யாரும் படிப்பதில்லை. 12 வோல்ட், 10 ஆம்ப், 120 வாட், அவ்வளவுதான் அதன் தெம்பு. லேப்டாப், போன், சின்ன ஃபேன் ஓட்டலாம். அதற்கு மேல் மாட்டினால் ஃப்யூஸ் போகும், போக வேண்டும், அதற்குத்தான் இருக்கிறது. போன ஃப்யூஸுக்குப் பதில் 30 ஆம்ப் ஃப்யூஸைச் சொருகிக்கொண்டு வந்து, இப்போது போகலைண்ணா என்று பெருமையாகச் சொல்கிறவர்களை என்ன செய்வது? இனி ஃப்யூஸ் போகாது தலைவரே, டேஷ்போர்டு போகும்.

பெட்டி மேல் 1000 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். பல மலிவுச் சரக்கில் அது ஒரு வினாடிக்கு மட்டும் தாங்கும் அளவு. தொடர்ந்து ஓட்டக்கூடியது பாதியாக இருக்கும், பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. ரிச்சி தெருவிலும் ஜி.பி. ரோட்டிலும் நல்ல சரக்கும் கிடைக்கிறது. எடைபோட்டுப் பார்த்து, தொடர் வாட் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். ஃப்ரிட்ஜ் மாதிரி கம்ப்ரஸர் உள்ளது கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். இண்டக்‌ஷன் அடுப்பு? கேட்காதீர்கள்.

இன்னொன்று, கார் பாட்டரி வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரி மாதிரி இல்லை. செல்ஃப் அடிக்க ஒரே மூச்சில் நிறையக் கொடுத்துவிட்டு ஓய்வெடுப்பது அதன் சுபாவம். மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் சீக்கிரம் செத்துவிடும். சின்ன கார்களில் 35 ஆம்ப்-அவர் பாட்டரி, 12-ஆல் பெருக்கினால் 420 வாட்-அவர், அதாவது 420 வாட்டை ஒரு மணி நேரம் ஓட்டும் அளவு. பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்றால் உங்களுக்குக் கிடைப்பது 200 வாட்-அவர், இன்வெர்ட்டர் தின்றது போக 170. குறைந்த கரண்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்று, ஒரு பல்பு, வைஃபை பெட்டி, ஒரு போன், எல்லாம் சேர்த்து 60 வாட் என்றால் மூன்று மணி நேரம்கூட முழுசாக வராது. அதுவும் புது பாட்டரிக்குச் சொல்லும் கணக்கு. மூன்று வயசு பாட்டரி என்றால் பாதி நேரத்துக்கு ஓடினாலே பெரிய விஷயம். பாட்டரி இறங்கினால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும் என்று கடையில் சொல்வார்கள். நிற்கும், 10.5 வோல்ட் வாக்கில். 12.2 வோல்ட்டிலேயே பாட்டரி பாதி காலி. 10.5-இல் செல்ஃப் டிக் டிக் என்று சத்தம்தான் போடும். விடியற்காலையில் யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தால் அந்தக் கார் உதவாது.

அப்படியானால் எஞ்சினை ஓடவிடலாமே என்பீர்கள். ஐடிலில் நிற்கும் சின்ன காரில், பாட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் 95 ஆம்ப் கொடுக்காது, எஞ்சின் ஓட ஓடவே பாட்டரி இறங்கும். சின்ன லோடு என்றால் சரி. ஆனால் எங்கே நிறுத்தி ஓட்டுகிறீர்கள் என்பதைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நம் அபார்ட்மெண்ட்களில் தரைத்தளம் முழுக்க பார்க்கிங், அதற்குள்ளேயே வாட்ச்மேன் குடும்பம் படுத்திருக்கும் அறை, ஓரத்தில் மாடிப்படி. மழைச் சாரலுக்கு ஷட்டரையும் இறக்கிவிட்டிருப்பார்கள். எஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. முதலில் தலைவலி, பிறகு தூக்கம் மாதிரி ஒரு மயக்கம், அதற்குப் பிறகு எழுந்திருக்க மாட்டார்கள். தயவுசெய்து, எஞ்சின் ஓட வேண்டுமென்றால் கார் திறந்தவெளியில் நிற்கட்டும், புகைக்குழாய் யார் வீட்டு ஜன்னலையும் பார்க்க வேண்டாம், குழாய்க்கருகே தண்ணீர் தேங்கியிருந்தால் வேண்டவே வேண்டாம். காருக்குள் ஏ.சி. போட்டுத் தூங்குவதும் இதே கதைதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த வாரத்தில் ஒரு வீட்டில் நான் பார்த்தது: இரண்டு பக்கமும் பின் வைத்த ஒயர். ஒரு முனை இன்வெர்ட்டரில், மறுமுனை ஹால் சுவரில் உள்ள சாக்கெட்டில். அதன் வழியாக வீடு முழுக்கக் கரண்ட் கொடுத்திருந்தார்கள்! மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் வெளியே லைனுக்குப் போகும். கம்பத்தில் ஏறியிருக்கும் ஈ.பி. ஊழியர் லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பித் தொடுகிறார். திடீரென்று ஈ.பி. கரண்ட் வந்தால் இன்வெர்ட்டர் உங்கள் முன்னாலேயே வெடிக்கும். பிளக்கை உருவினால் வெளியே நீட்டியிருக்கும் பின்னிலேயே 230 வோல்ட், குழந்தை கை வைக்கும் உயரத்தில். அந்த ஒயரை அங்கேயே வெட்டிப் போட்டுவிட்டு வந்தேன். கோபித்துக்கொண்டார்கள், பரவாயில்லை. பாட்டரி பக்கம் 12 வோல்ட் என்பதால் மறுபக்கமும் சாது என்று நினைக்காதீர்கள். அது வீட்டுக் கரண்ட்தான். ஆனால் வீட்டுப் பெட்டியில் இருக்கும், ஷாக் அடித்தால் கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. இதற்கு டிரிப் ஆகாது. ஈரக் கை, ஈரத் தரை இருந்தால் கிட்டே போகவே போகாதீர்கள்.

பெரியவர்களுக்கு, காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரித்துக் கொடுக்கும் கான்சென்ட்ரேட்டர் மெஷினை ஓட்ட முடியுமா என்று கேட்டு வருகிறார்கள். ஐந்து லிட்டர் மெஷின் 300 வாட்டுக்கு மேல் கேட்கும், நிற்காமல் ஓட வேண்டும். கார் பாட்டரியை நம்பி ஓர் உயிரை ஒப்படைக்காதீர்கள். மழை எச்சரிக்கை வந்த உடனே ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்றை வாங்கி வையுங்கள், டாக்டரிடம் பேசி வையுங்கள். நெபுலைசருக்கு, வீட்டுக் கரண்ட் மாதிரியே சீராகக் கொடுக்கும் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் பரவாயில்லை. மலிவு மாடிஃபைட் சைனில் மோட்டார் முனகும், சூடாகும்.

உண்மையில் பாதிப் பேருக்கு இன்வெர்ட்டரே தேவையில்லை. போன் சார்ஜ் ஆவது 5, 9 வோல்ட்டில். 12-ஐ 230 ஆக்கி, திரும்ப 5 ஆக்குவது, தி.நகர் போக தாம்பரம் சுற்றுவது மாதிரி. நல்ல கார் சார்ஜர் ஒன்று போதும், டைப்-சி லேப்டாப்புக்கும் அதே வகையில் பெரிய சார்ஜர் வந்துவிட்டது. 12 வோல்ட் ஃபேன், 12 வோல்ட் எல்.ஈ.டி. கிடைக்கிறது. வண்டிக்கடை வைத்திருப்பவர்கள், வண்டி பாட்டரியைத் தொடாமல் தனியாக, வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் பாட்டரியோ லித்தியம் பாட்டரியோ வையுங்கள். வீட்டில் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்தால் மாலை வியாபாரம் ஓடிவிடும். ஆம்னிக்காரர் அப்படித்தான் மாறியிருக்கிறார். மிக்ஸி வேலையை வீட்டிலேயே முடித்துவிடுகிறார், வண்டியில் லைட் மட்டும்.

புதுக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். சிக்னலில் எஞ்சின் தானே நின்று கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள வண்டிகளில் மைனஸ் முனையில் ஒரு சின்ன சென்ஸார் உட்கார்ந்திருக்கும். இன்வெர்ட்டரின் கறுப்பு ஒயரை நேரே அந்த முனையில் மாட்டினால் எவ்வளவு கரண்ட் போனது என்று காருக்குத் தெரியாமல் போகும். காரின் இரும்பு உடம்பில் இருக்கும் பாடி எர்த் பாயிண்டில் மாட்டுங்கள். சில எலெக்ட்ரிக் கார்களில் கம்பெனியே 230 வோல்ட் எடுக்க வழி கொடுத்திருக்கிறது, அவர்கள் இந்தத் தலைவலியில் சேரமாட்டார்கள். வெயில் காலத்தில் பூட்டிய காருக்குள் இன்வெர்ட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மாட்டும்போது ஸ்விட்ச் ஆஃபில் இருக்கட்டும், மோதிரம் காப்பு கழற்றிவிட்டுத்தான் பாட்டரி மேல் கை வைக்க வேண்டும். ஸ்பேனர் இரண்டு முனையில் பட்டுச் சிவந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன்.

2024 அக்டோபர் மழை எச்சரிக்கைக்கு வேளச்சேரி மேம்பாலம் முழுக்க கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தியது ஞாபகம் இருக்கும். அன்றைக்கு இன்வெர்ட்டர் வாங்கியிருந்த ஒருவர் போன் செய்தார். வீடு கீழே இருட்டில், கார் மேலே பாலத்தில், எக்ஸ்டென்ஷன் எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வேளச்சேரித் தம்பியின் காரில் ஹார்னஸ் மாற்றி நேற்று கொடுத்தேன். 25 ஸ்கொயர் கேபிள், ஃப்யூஸ் எல்லாம் தானே வாங்கி மாட்டியதாக இன்று காலை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறார், கூடவே ஒரு கட்டைவிரல். கேபிள் நன்றாக இருக்கிறது. ஃப்யூஸை இன்வெர்ட்டர் பக்கத்து முனையில் மாட்டியிருக்கிறார். சாயங்காலம் வண்டியோடு வரச் சொல்லியிருக்கிறேன்.