ஸ்கிரீனிங்: திரையிடலா, சலித்தாய்வா?

சட்டச் சிக்கலில் மாட்டிக் காவல் இல்லத்துக்கு வரும் சிறாருக்கு ‘மனநலத் திரையிடல்’ நடத்த வேண்டும் என்று சில மொழிபெயர்ப்புகளில் படிக்கிறோம். ஏதோ படம் போட்டுக் காட்டப்போகிறார்கள் என்றுதான் தோன்றும். ஸ்கிரீன் என்றால் திரை என்ற ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டதால் வந்த வினை.

பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ஸ்கிரீன் என்பது கணப்பின் அனல் மேலே படாமல் மறைக்கும் தட்டி. 16ஆம் நூற்றாண்டில் சல்லடைக்கும் அந்தப் பெயர் வந்தது. மனிதர்களைச் சலித்துப் பார்ப்பது என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டுக்குரியது. மருத்துவம் எடுத்துக்கொண்டது சல்லடையை.

சிறார் நீதித் துறையில் ஸ்கிரீனிங்குக்குத் திட்டமான பொருள் உண்டு: வருகிற எல்லோரிடமும் சுருக்கமாகக் கேட்டு, விரிவாகப் பார்க்க வேண்டியவர்களைப் பிரித்தெடுப்பது. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் மேசி-2 கேள்வித்தாளைப் பாருங்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தாமஸ் கிரிஸ்ஸோவும் ரிச்சர்ட் பார்னமும் உருவாக்கியது. 12 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கு 52 கேள்விகள். ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். மனநல மருத்துவர் வேண்டியதில்லை, பயிற்சி பெற்ற இல்ல ஊழியரே நடத்தலாம். தற்கொலை எண்ணத்துக்கென்றே அதில் தனிப் பகுதி இருக்கிறது. (கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.) மதிப்பெண் எல்லையைத் தாண்டினால் ‘இவனுக்கு மனச்சோர்வு’ என்று கோப்பில் எழுதுவது தவறு. உடனே விரிவாகப் பார்க்க வேண்டியவன் என்பது மட்டுமே அதன் பொருள். அந்த விரிவான பார்வை அசெஸ்மென்ட், அதாவது மதிப்பீடு. நோய் இன்னதென்று முடிவுசெய்வது டயக்னோசிஸ், நோயறிதல். மூன்றையும் ‘பரிசோதனை’ என்று எழுதும் நம் வழக்கம் இங்கே ஆபத்தானது.

சிக்காகோவின் சிறார் காவல் மையத்தில் 1995 முதல் 1998 வரை 1,829 பேரிடம் லிண்டா டெப்ளின் குழு ஆய்வு நடத்தியது. ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கும், பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்கும் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறாவது இருந்தது. இத்தனை பேரையும் முதல் நாளே மருத்துவர் முன் உட்கார வைக்க முடியாது. அதனால்தான் சல்லடை.

தமிழில் என்ன சொல்லலாம்? சலித்தல், புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் என்று பிரித்தெடுக்கும் வேலைக்கு நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ‘சலிப்பு’ என்று வைத்தால் அலுப்பு என்று படித்துவிடுவார்கள். ‘வடிகட்டல்’ ஆளைத் தள்ளிவிடும் தொனி கொண்டது. என் தேர்வு ‘சலித்தாய்வு’. ஊழியர் பயிற்சியில் ‘முதல்நிலைச் சோதனை’ என்றாலும் குற்றமில்லை.

‘மறுசலித்தாய்வு’ என்ற சொல்லும் வேண்டும். 1995-99 காலத்தில் அமெரிக்கச் சிறார் காவலிடங்களில் நடந்த தற்கொலைகளை லிண்ட்சே ஹேஸ் ஆராய்ந்தார். அவை முதல் சில நாட்களில் குவிந்திருக்கவில்லை, பல மாதங்களில் பரவிக் கிடந்தன. இறந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அப்போது தனி அறையில் அடைக்கப்பட்டிருந்தவர்கள். ஆகவே நீதிமன்றம் போய்வந்த பிறகும், இடம் மாற்றும்போதும், அறையில் தனியே அடைக்கும் முன்பும் மறுபடி கேட்க வேண்டும்.