கிளினிக்கல் வாலண்டியரிங்: தமிழில் என்ன சொல்வது?

அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க நினைக்கும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற சொல் இது. அங்கே பெரும்பாலும் நான்கு வருட இளங்கலைப் படிப்பை முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அதற்கு விண்ணப்பிக்கும் முன்பே நோயாளிகளோடு கொஞ்சமாவது பழகியிருக்க வேண்டும் என்று கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன, அதைச் சம்பளம் வாங்காமல் செய்தால் கிளினிக்கல் வாலண்டியரிங். தமிழில் எழுதுகிறவர்கள் இதை ‘மருத்துவமனைத் தன்னார்வப் பணி’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மருத்துவமனையின் பரிசுப்பொருள் கடையில் நிற்பதும் அலுவலகத்தில் கோப்பு அடுக்குவதும்கூட மருத்துவமனைத் தன்னார்வப் பணிதான், ஆனால் அங்கே நோயாளியே கிடையாது. இன்னொரு பக்கம், கடைசி நாட்களில் இருக்கிற ஒருவரின் வீட்டுக்கே போய் அவரோடு உட்கார்ந்திருக்கும் ஹாஸ்பிஸ் தொண்டில் மருத்துவமனையே இல்லை, ஆனால் அது முழுக்க முழுக்க கிளினிக்கல்.

முதலில் ‘கிளினிக்கல்’. கிரேக்கத்தில் ‘கிளினே’ என்றால் படுக்கை. சாய்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. படுக்கையருகே நடக்கும் மருத்துவம் ‘கிளினிகோஸ்’, அதுவே லத்தீன் வழியாக இன்றைய சொல்லானது. அதாவது கட்டடத்தைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. படுத்திருக்கிற ஒருவர், பக்கத்தில் இன்னொருவர், அவ்வளவுதான். ‘பேஷன்ட்’ என்ற சொல்லும் லத்தீனில் துன்பத்தைத் தாங்குகிறவர் என்ற பொருளில் பிறந்ததுதான்.

‘வாலண்டியர்’ வேறு பாதையில் வந்தது. லத்தீனில் ‘வொலுந்தாஸ்’ என்றால் விருப்பம். அதிலிருந்து பிரெஞ்சு, பிறகு ஆங்கிலம். 1600 வாக்கில் ஆங்கிலத்தில் அது கட்டாயம் இல்லாமல் தானே முன்வந்து படையில் சேர்கிறவனைக் குறித்தது. போர்க்களத்தை விட்டு மற்ற தொண்டுகளுக்கு அப்புறம்தான் பரவியது.

தமிழில் தொண்டர் என்ற நல்ல சொல் ஏற்கெனவே உண்டு. தொண்டு என்பதற்கு அடிமைத்தனம் என்ற பழைய பொருளும் இருக்கிறது. இறைவனுக்கு ஆட்பட்டவர்கள் என்ற பொருளில்தான் நாயன்மார்கள் திருத்தொண்டர்கள் ஆனார்கள். இன்றைக்குத் தொண்டர் என்றதும் கட்சிக்கொடி பிடித்தவர் நினைவுக்கு வருவதால், தன்னார்வலர் என்ற புதிய கூட்டுச்சொல் பொதுவழக்கில் நிலைத்துவிட்டது. அதில் உள்ள ‘ஆர்வலர்’ ரொம்பப் பழையது. ‘அன்பிற்கும் உண்டோ அடைக்கும் தாழ்’ என்று தொடங்கும் 71ஆம் குறளில் ஆர்வலர் என்றால் அன்புடையவர். அந்தப் பொருள் நோயாளி பக்கத்தில் நிற்கிறவருக்கு இன்னும் நன்றாகவே பொருந்துகிறது.

அப்படியானால் கிளினிக்கலுக்கு என்ன சொல்? குறளிலேயே ஒரு சொல் காத்திருக்கிறது போலத் தோன்றும். மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், 950: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்று மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது. உழை என்றால் பக்கம், இடம். அரசன் அருகில் இருக்கும் அமைச்சனை 638ஆம் குறள் ‘உழையிருந்தான்’ என்கிறது. பக்கத்தில் நிற்பவருக்கு மருத்துவத்தில் கால்பங்கு கொடுத்த இந்தக் குறளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது. ஆனாலும் வாலண்டியருக்கு இந்தச் சொல்லை எடுக்க முடியாது. இன்றைய காதுக்கு உழை என்றால் பாடுபடு என்றுதான் கேட்கும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: உழைச்செல்வானை மருந்தைப் பிழையில்லாமல் கொடுத்துக் கவனிக்கிறவர் என்றே உரைகள் விளக்குகின்றன. அது நர்ஸின் வேலை. வாலண்டியர் மருந்தைத் தொடவே கூடாது.

மருந்து மட்டும் இல்லை, தண்ணீர்கூட அப்படித்தான். அறைக்குள் போகும்போது கையில் கிருமிநாசினி தடவி, கதவைத் தட்டி, பெயரைச் சொல்லி, தான் வாலண்டியர் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் டாக்டர் என்றே நினைத்துக்கொள்வார்கள். படுத்திருக்கிற பெரியவர் ஒரு வாய் தண்ணீர் கேட்கிறார், ஜக் மேஜைமேலேயே இருக்கிறது. எடுத்துக் கொடுத்துவிடத் தோன்றும். கொடுக்கக் கூடாது. நர்ஸைக் கேட்க வேண்டும். அவர் அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கலாம். அப்போது அவர் பெயருக்கு நேராக என்.பி.ஓ. என்று எழுதியிருப்பார்கள், வாய்வழியே எதுவும் வேண்டாம் என்பதற்கான லத்தீன் சுருக்கம். விழுங்குவதில் சிக்கல் இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடலாம். இதைக் கேட்டு வந்து, கிடையாது என்ற பதிலை அவரிடம் பக்குவமாகச் சொல்லி, மறுபடி அவர் பக்கத்தில் உட்காருவதுதான் இந்தப் பணி. ஒன்றும் செய்யாதது போலத் தெரியும். நான் அப்படி நினைக்கவில்லை.

இது வெறும் மனிதாபிமானம் என்று யாராவது சொன்னால் 1993இல் யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் ஷாரன் இனோயே தொடங்கிய ‘ஹாஸ்பிட்டல் எல்டர் லைஃப் புரோகிராம்’ பற்றிச் சொல்லுங்கள். பயிற்சி பெற்ற வாலண்டியர்கள் முதிய நோயாளிகளிடம் போய் இன்றைக்கு என்ன தேதி, எங்கே இருக்கிறோம் என்று பேச்சோடு பேச்சாக நினைவூட்டுவார்கள், கண்ணாடியையும் காதுக் கருவியையும் எடுத்துக் கொடுப்பார்கள், சாப்பிடவும் நடக்கவும் உதவுவார்கள். மருத்துவமனையில் முதியவர்களுக்குத் திடீரென வரும் மனக்குழப்பத்தை, டெலிரியம் என்பார்களே அதை, இந்த அணுகுமுறை குறைத்தது என்று 1999இல் ஆய்வு வெளியானது. ஹாஸ்பிஸிலோ இது சட்டத்திலேயே இருக்கிறது: மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து பணம் பெறும் ஹாஸ்பிஸ்கள் நோயாளி பராமரிப்பு நேரத்தில் குறைந்தது 5 சதவீத அளவுக்கு வாலண்டியர்களைப் பயன்படுத்தியாக வேண்டும்.

விண்ணப்பத்துக்காகச் செய்தால் அது ‘தன்’ ஆர்வமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மருத்துவக் கல்லூரிகளுக்கான ஏ.எம்.சி.ஏ.எஸ். என்ற பொது விண்ணப்பத்தில் 15 செயல்பாடுகள் வரை எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று கட்டம் இருக்கிறது, தொண்டிலேயே மருத்துவம் சார்ந்தது, சாராதது என்று இரண்டு வகை வேறு. அதனால் பிள்ளைகள் மணிக்கணக்கைத் துரத்துகிறார்கள். ஆனால் அதே விண்ணப்பம் மூன்றை மட்டும் மிக முக்கியமானவை என்று குறித்து, 1325 எழுத்துகளுக்குள் கூடுதலாக எழுத இடம் தருகிறது. அங்கே மணிக்கணக்கு கைகொடுக்காது. வாராவாரம் ஒரே வார்டுக்குப் போனவருக்குத்தான் எழுத விஷயம் இருக்கும். அப்போதும் நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் எழுதக் கூடாது; நோயாளியின் தகவல்களை ரகசியமாகக் காக்கச் சொல்லும், 1996இல் வந்த ஹிப்பா சட்டத்தைத்தான் வாலண்டியர் பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். வெளிநாடு போய் ஊசி போட்டேன், தையல் போட்டேன் என்று எழுதுவது இன்னும் மோசம், பயிற்சி இல்லாமல் நோயாளி உடம்பில் கைவைத்ததற்கு அது ஒப்புதல் வாக்குமூலம்.

சரி, சொல்லுக்கு வருவோம். உடம்பு சரியில்லாதவரைப் பற்றி நாம் முதலில் கேட்பது ‘துணைக்கு யார் இருக்கிறார்கள்?’ என்பதுதான். சிகிச்சை செய்யாமல், மருந்து தராமல், கூட இருப்பதற்குத் தமிழன் தினமும் சொல்கிற சொல் துணை. ஆகவே கிளினிக்கல் வாலண்டியரிங்குக்கு ‘நோயாளர் துணைத்தொண்டு’ என்பது என் பரிந்துரை. வெறும் துணைத்தொண்டு என்று நிறுத்தினால் துணைவேந்தர், துணைத்தலைவர் போல இரண்டாம் நிலைப் பதவியாகக் கேட்கும், அதனால் நோயாளரை விட்டுவிட வேண்டாம். செய்பவரைத் துணைவர் என்று சுருக்கினால் கணவன் மனைவி உறவாகிவிடும். நோயாளர் துணைத்தொண்டர் என்றே எழுதலாம். பொதுவான வாலண்டியருக்குத் தன்னார்வலர் போதும், அதை மாற்ற அவசியமில்லை.

கூடவே குழம்புகிற இன்னொரு சொல் ஷேடோயிங். டாக்டர் பின்னாலேயே போய் அவர் வேலை செய்வதைப் பார்ப்பது. அதில் நோயாளிக்கு நீங்கள் எதுவும் செய்வதில்லை என்பதால் அது தொண்டே கிடையாது. ‘மருத்துவரைப் பின்தொடர்ந்து பார்த்தல்’ என்று எழுதினால் யாருக்கும் புரியும். நோயாளர் போக்குவரத்து, ஆம்புலன்ஸ் மாதிரியான வேலைகளைச் சம்பளத்துக்குச் செய்தால் அதை ‘நோயாளர் பணி அனுபவம்’ எனலாம், தொண்டு என்ற சொல்லை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம்.